பழைய கட்டுரைக்குக் கவ்வாத்து: திகதியை மாற்றினால் புது வாசகர் வருவாரா?

"பழசை எடுத்துக் கொஞ்சம் அப்டேட் பண்ணிப் போடு, கூகுள் மேலே தூக்கிவிடும்" என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் நடுவில் ஒரு பேச்சு எப்போதும் உலாவுகிறது. கேட்டவர் போய் என்ன செய்கிறார் என்றால், 2017இல் இலங்கை மலைநாட்டின் எல்ல என்ற ஊரைப் பற்றி எழுதிய "எல்ல போவது எப்படி" கட்டுரையின் தலைப்பில் புது வருடத்தைச் சேர்ப்பார், திகதியை இன்றைக்கு மாற்றுவார், கடைசியில் "நண்பர்களே, பகிருங்கள்" என்று ஒரு வரி போடுவார், அவ்வளவுதான். உள்ளே பஸ் கட்டணம் அப்படியே 2017இல் நிற்கும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை, இதெல்லாம் சும்மா கதை என்பார்.

கதை இல்லை. ஆனால் அவர் செய்தது புதுப்பித்தலும் இல்லை.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல கவ்வாத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. தேயிலைக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள், அதாவது கிளைகளைக் குட்டையாக நறுக்கிவிடுகிறார்கள். உயரமான தோட்டங்களில் செடி மெதுவாக வளர்வதால் இடைவெளி கூடும், கீழே போகப் போகக் குறையும். வெட்டின மலையைப் பார்த்தால் வெறும் குச்சியாக நிற்கும், சில மாதத்துக்கு அங்கே கொழுந்து இல்லை. அப்புறம் அதே வேரில், அதே இடத்தில், புதுத் தளிர் வருகிறது. செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் அது கவ்வாத்து இல்லை, வாடின இலை மேல் தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்கினால் அதுவும் இல்லை. பழைய கட்டுரையிலும் இந்த இரண்டு தப்பும்தான் அதிகம் நடக்கின்றன: ஒன்று, புது முகவரியில் புதுசாகப் போட்டு வேரை விட்டுவிடுவது, இல்லாவிட்டால் திகதியை மட்டும் துடைத்து வைப்பது.

உவமை இதோடு போதும். கூகுளுக்குத் தேயிலை தெரியாது, அதற்குத் தெரிந்த வழியில் பார்ப்போம்.

## தேடுபொறி உண்மையில் என்ன செய்கிறது

நாம் கூகுளில் ஒன்றைத் தேடும்போது அது அந்த நொடியில் இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. முன்கூட்டியே படித்து எடுத்து வைத்த பிரதியில்தான் தேடுகிறது. இதில் மூன்று வேலை இருக்கிறது.

முதலாவது, வந்து படிப்பது. இதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது, பெயர் கூகுள்பொட். ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அங்கிருந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அடிக்கடி மாறும் பக்கங்களுக்கும் நிறையப் பேர் இணைப்புக் கொடுத்த பக்கங்களுக்கும் அடிக்கடி வரும், யாரும் தொடாமல் கிடக்கும் பக்கத்துக்கு எப்போதாவதுதான் வரும்.

இரண்டாவது, படித்ததை அட்டவணையில் சேர்ப்பது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று வகைப்படுத்தி வைத்திருக்கும் பெரிய பதிவேடுதான் அட்டவணை. நீங்கள் இன்றைக்குக் காலையில் கட்டுரையைத் திருத்தினாலும், கூகுள்பொட் திரும்ப வந்து படிக்கும்வரை அட்டவணையில் இருப்பது பழைய பிரதிதான். "மாற்றி மூன்று நாளாகிறது, இன்னும் பழைய தலைப்பே காட்டுகிறது" என்று பதறுகிறவர்களுக்குப் பதில் இதுதான்.

மூன்றாவது, வரிசைப்படுத்துவது. ஒரு கேள்விக்கு ஆயிரம் பக்கம் பொருந்தினால் எது முதலில்? இதற்கு நிறையக் காரணிகள் உண்டு, எல்லாவற்றையும் கூகுள் வெளியே சொல்வதில்லை. நமக்கு இங்கே தேவை இரண்டு மட்டும். ஒன்று, கேட்ட கேள்விக்குப் பக்கம் பதில் சொல்கிறதா. இன்னொன்று, மற்றவர்கள் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா. இரண்டாவது 1998இலேயே கூகுளின் அடிப்படை யோசனையாக இருந்தது, இன்றைக்கும் கணக்கில் இருக்கிறது.

இங்கேதான் பழைய கட்டுரைக்கு ஒரு பலம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் யாரோ ஒரு ஆசிரியர், யாரோ ஒரு பயணக்குழு, யாரோ ஒருவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, அந்தக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அந்த முகவரி இன்னும் கிடக்கும். புதுசாக ஒரு முகவரியில் எழுதினால் இது எதுவும் கூட வராது.

சுருக்கமாக: படிப்பது, அட்டவணையில் சேர்ப்பது, வரிசைப்படுத்துவது. திகதியை மாற்றுவது இந்த மூன்றில் எதையும் தன்னால் நல்லதாக்காது.

## அப்படியானால் "புதுசு" என்பதற்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது, ஆனால் எல்லாக் கேள்விக்கும் இல்லை. 2011 நவம்பரில் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையில் ஒரு மாற்றம் செய்தது, சுமார் 35 சதவீதத் தேடல்களை அது தொடும் என்று அறிவித்தது. அப்போது மூன்று வகைத் தேடல்களுக்குப் புதிய பக்கம் முக்கியம் என்று விளக்கினார்கள்: இப்போது நடந்த சம்பவங்கள், திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகள், அடிக்கடி மாறும் தகவல்கள்.

நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையக ரயில் பாதையில் பல இடங்களில் மண் சரிந்ததே, அந்த நாட்களில் "பதுளை ரயில் ஓடுகிறதா" என்று தேடியவருக்கு முந்தின மாதக் கட்டுரை கூடப் பயன்படாது. அது முதல் வகை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வெசாக் போயாவோடு முடியும், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி வருடா வருடம் வரும், இவை இரண்டாவது. தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் மூன்றாவது.

ஆனால் "சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எப்போது" என்று தேடுகிறவருக்கு விடை 1964தான். நேற்று எழுதினாலும் அதுதான், பத்து வருடத்துக்கு முன் எழுதினாலும் அதுதான். அப்படிப்பட்ட கட்டுரையில் திகதியை மாற்றி என்ன ஆகப்போகிறது? கூகுளே எழுதுகிறவர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டலில், உள்ளடக்கம் பெரிதாக மாறாதபோது புதிதாகத் தெரிவதற்காகத் திகதியை மாற்றுகிறீர்களா என்று நேரடியாகவே கேட்டிருக்கிறது. தளவரைபடம் என்று ஒன்று உண்டு, உங்கள் தளத்தின் பக்கங்களையும் அவை கடைசியாக மாறின திகதிகளையும் பட்டியலிட்டுத் தேடுபொறிக்குக் கொடுக்கும் கோப்பு. அதில் இருக்கும் திகதி தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைப் பொருட்படுத்தும். பொய்த் திகதி போட்டால் பிற்பாடு நிஜமாகத் திருத்தும்போதும் நம்பாது, அதுதான் நட்டம்.

## தமிழில் எழுதியவர்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சிக்கல்

ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று இது, நம்மவர்களில் பலருக்கும் தெரியாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2000களில் இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துரு. பத்திரிகை, பாடசாலை மலர், சங்க அறிக்கை எல்லாம் பாமினிதான். அது எப்படி வேலை செய்யும் என்றால், கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து, திரையில் அதன் மேல் தமிழ் உருவம் போர்த்திக் காட்டப்படும். "தமிழ்" என்று பாமினியில் அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு உள்ள கணினியில் அழகாகத் தமிழ் தெரியும், இல்லாத ஃபோனில் திறந்தால் ஆங்கில எழுத்துக்குப்பை தெரியும்.

தேடுபொறி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே சேமிக்கப்பட்டதைத்தான் படிக்கும். இன்றைக்கு ஃபோனில் தமிழ் அடித்துத் தேடுகிறவர் அடிப்பது யூனிகோட், அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுத்து உலகம் முழுக்க ஒரே மாதிரிச் சேமிக்கும் முறை. அவர் "தமிழ்" என்று தேடினால் அந்த ஜே, கே, பி, ஓ கிடைக்காது. ஆக அந்தப் பழைய பக்கங்கள் தேடலில் பின்தங்கி நிற்கவில்லை, தமிழில் தேடுகிறவருக்கு அவை அங்கே இல்லவே இல்லை.

பக்கத்தை ஸ்கேன் பண்ணிப் படமாகப் போட்ட கட்டுரைகளின் கதியும் கிட்டத்தட்ட இதுதான். படத்துக்குள் இருக்கும் எழுத்து, பக்கத்தின் எழுத்தாக எண்ணப்படும் என்று நம்பி இருக்க முடியாது.

எனவே உங்களிடம் 2005 வாக்கில் பாமினியில் எழுதியது எதுவும் இருந்தால், முதல் வேலை யூனிகோடுக்கு மாற்றுவது. இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு, ஒட்டினால் நொடியில் மாற்றித் தரும். ஆனால் மாற்றின பிறகு ஒரு முறை கண்ணால் படியுங்கள். பாமினிக் கட்டுரைக்குள் இடையில் ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து ஏதாவது செய்து வைக்கும். வேறு ஒரு வரியும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே அந்தக் கட்டுரை முதல் தடவையாகத் தமிழ்த் தேடலில் பிறக்கிறது. எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் வேறு புதுப்பித்தல் இல்லை.

## ஒரு கட்டுரையை எடுத்துச் செய்து பார்ப்போம்

சம்பளம் பற்றிய கட்டுரையையே எடுப்போம். ஒருவர் 2016இல் "புதிய கூட்டு ஒப்பந்தம்: நாட்சம்பளம் 730" என்று எழுதியிருக்கிறார். அடிப்படை 500, மீதி வருகைக்கும் உற்பத்திக்கும் விலைப் பங்குக்கும் சேர்த்து. 2019இல் அடிப்படை 700 ஆனது, மொத்தம் 750 என்று இன்னொன்று எழுதினார். அடிப்படையில் 200 ரூபாய் ஏறி மொத்தத்தில் 20 ரூபாய்தான் ஏறின கதையை அதில் கோபமாகவே எழுதியிருப்பார். 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1000 வந்தபோது மூன்றாவது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் 1350 வந்தபோது நான்காவது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1550 சம்பளமும், அதற்கு மேல் அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் என்று அறிவித்தபோது ஐந்தாவது.

இப்போது "தோட்டத் தொழிலாளர் சம்பளம் எவ்வளவு" என்று தேடி ஒருவர் வருகிறார். எந்தக் கட்டுரையில் இறங்குவார்? பெரும்பாலும் 2016இல். ஏனென்றால் அதற்குத்தான் அதிக இணைப்பு இருக்கிறது. உள்ளே போனால் 730 என்று இருக்கும், ஒரு வரி படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். ஐந்து கட்டுரையும் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஒன்றும் உருப்படாமல் நிற்கும்.

இதற்கு வழி, ஐந்தில் ஒன்றைத் தாய்ப் பக்கமாக எடுப்பது. அதிக இணைப்புள்ள முகவரியையே எடுங்கள், அந்த முகவரிக்குள் 2016 என்று இல்லாவிட்டால் இன்னும் நல்லது. தலைப்பை "தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம்: இன்றைய தொகையும் வந்த வழியும்" என்பது மாதிரி மாற்றலாம். முதல் பந்தியிலேயே இன்றைய தொகை, எந்தத் திகதியில் இருந்து, எந்த வர்த்தமானி அல்லது ஒப்பந்தத்தின்படி என்று நேராகச் சொல்லுங்கள். சம்பளம் தெரிந்துகொள்ள வந்தவரை "தேயிலைக் கொழுந்தின் பச்சை வாசனையில் தொடங்கி" என்று கூட்டிப்போகாதீர்கள், அவர் டேட்டா போட்டுப் பார்க்கிறார்.

அதன் கீழே வாசகர் உண்மையில் கேட்கும் கேள்விகள். ஒரு பெயருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலையாகப் பதிய, எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? குறைந்தால் அரைப் பெயர் போடுவார்களா? மேலதிகக் கிலோவுக்கு என்ன கணக்கு? சேமலாப நிதி எந்தத் தொகையில் பிடிப்பார்கள்? 2016இல் எழுதினவர் இவற்றைத் தொட்டிருக்க மாட்டார், ஏனென்றால் அப்போது அவர் எழுதினது ஒப்பந்தச் செய்தி. பின்னூட்டத்திலும் தொலைபேசியிலும் இத்தனை வருடம் வந்த கேள்விகள்தான் புதுப் பகுதிக்கான சரக்கு. புதுப்பித்தல் என்பதில் பெரும்பங்கு இதுதான்: தொகையைத் திருத்துவது பத்து நிமிட வேலை, இன்றைக்கு வருகிறவரின் கேள்வி என்ன என்று கண்டுபிடித்து அதற்குப் பதில் எழுதுவதுதான் நேரம் எடுக்கும்.

மற்ற நான்கையும் என்ன செய்வது? வெறும் தொகை மட்டும் உள்ளதைத் தாய்ப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, பழைய முகவரிக்கு 301 வழிமாற்று போடலாம். 301 என்பது "இந்தப் பக்கம் நிரந்தரமாக அங்கே போய்விட்டது" என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் சொல்லும் குறி. பழைய இணைப்பைச் சொடுக்கினவர் தானாகப் புது இடத்துக்கு வருவார், இணைப்புகளின் பலனும் அங்கே சேரும். வழிமாற்று போடாமல் அழித்தால் வருகிறவருக்கு "பக்கம் கிடைக்கவில்லை" என்றுதான் வரும். இலவசச் சேவைகளிலும் சிலவற்றில் அமைப்புகளுக்குள் தேடினால் வழிமாற்று வசதியைக் காணலாம்.

ஆனால் அந்த 2019 கோபக் கட்டுரையை அழிக்க வேண்டாம். காரணம் அடுத்து.

## தொடவே கூடாதவை

எல்லாப் பழைய எழுத்தும் வழிகாட்டி இல்லை. சில எழுத்து சாட்சி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது அந்த வாரம் ஒருவர் எழுதியது, அன்றைக்கு என்ன தெரிந்ததோ அதோடு, அன்றைய தப்பான எண்ணிக்கையோடு கூட, அப்படியே இருக்க வேண்டும். அதன் பந்திகளை இன்றைக்கு "செம்மைப்படுத்தினால்" வாசகர் வரலாம், ஆனால் அன்றைக்கு மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பது போய்விடும். 2019இல் 20 ரூபாய்க்காகப் பட்ட கோபமும் அப்படித்தான்.

இவற்றுக்கு மேலே தனியாக ஒரு குறிப்புப் போதும்: "இது 2019 ஜனவரியில் எழுதியது. இன்றைய சம்பளத்துக்கு இந்தப் பக்கம் பாருங்கள்" என்று இணைப்போடு. வாசகருக்கும் வழி கிடைக்கும், ஆவணமும் கெடாது. திருத்தின கட்டுரையிலும் இரண்டு திகதியும் தெரிவது நல்லது, முதலில் வந்தது எப்போது, திருத்தினது எப்போது என்று.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: வழிகாட்டி என்றால் அதே முகவரியில் இன்றைய பதில், சாட்சி என்றால் கை வைக்காமல் மேலே ஒரு குறிப்பு.

## விலை மட்டுமே பழசாவதில்லை

பயணக் கட்டுரைகளில் எல்லாரும் முதலில் பார்ப்பது கட்டணம். சரி, 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தின எந்த விலையும் இன்றைக்குச் செல்லாது, அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மெதுவாகப் பொய்யானவை கண்ணில் படாது. தலவாக்கலைப் பக்கத்து சென் கிளயர் நீர்வீழ்ச்சி பற்றி "வருடம் முழுக்க ஆர்ப்பரிக்கும்" என்று 2010இல் எழுதியிருந்தால் அன்றைக்கு அது உண்மை. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கின பிறகு அங்கே விழும் தண்ணீரின் அளவே வேறு. படத்தைப் பார்த்து வந்தவர் ஏமாந்து திட்டுவார். சிவனொளிபாதமலைக்கு ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா, நல்லதண்ணி என்று போகும் வழி மாறாது, அதைத் திருத்தத் தேவையில்லை. எது மாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்க்க ஊர்க்காரருக்குத்தான் முடியும், கொழும்பில் இருந்து எழுதுகிறவரை விட உங்களுக்கு இருக்கும் அனுகூலம் அதுதான்.

தலைப்பிலும் ஒரு வார்த்தை. "பனி மூடிய படிகளில் ஓர் இரவு" என்ற தலைப்பு அழகு, ஆனால் யாரும் அப்படித் தேட மாட்டார்கள். "சிவனொளிபாதமலை" என்பது தலைப்பில் வரட்டும், ஸ்ரீபாத என்றும் ஆதாம் மலை என்றும் தேடுகிறவர்களுக்காக அவை உள்ளே இயல்பாக ஓரிடத்தில் வரட்டும், பத்து இடத்தில் திணிக்க வேண்டாம். தலைப்பையோ படத்தையோ மாற்றின பிறகு ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால் பழசே வரும், ஏனென்றால் அதுவும் ஒரு பிரதியைச் சேமித்து வைத்திருக்கும். ஃபேஸ்புக்கின் ஷெயரிங் டிபக்கர் என்ற கருவியில் முகவரியைக் கொடுத்துத் திரும்ப எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

## பலித்ததா என்று எப்படித் தெரியும்

கூகுள் சேர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி இருக்கிறது, உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று அதில் பார்க்கலாம். புரிந்துகொள்ள வேண்டிய சொல் இரண்டுதான். இம்ப்ரெஷன் என்பது உங்கள் பக்கம் தேடல் முடிவில் எத்தனை தடவை காட்டப்பட்டது. கிளிக் என்பது எத்தனை பேர் உண்மையில் சொடுக்கி வந்தார்கள்.

எந்தக் கட்டுரையை முதலில் எடுப்பது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இம்ப்ரெஷன் நிறைய, கிளிக் குறைவு என்றால் கூகுள் உங்களைக் காட்டுகிறது, வாசகர் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறார். தலைப்பு பழசாகத் தெரிகிறது, அல்லது இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறது. அதுதான் முதலில் கை வைக்க வேண்டிய கட்டுரை. இரண்டும் பூச்சியம் என்றால் பாமினியா, படமா என்று பாருங்கள். எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்றும் அது காட்டும். அந்தப் பட்டியலைப் படித்தால் நீங்கள் எழுதாத கேள்விகள் தெரியும்.

திருத்தி முடித்ததும் அந்தக் கருவியிலேயே முகவரியைக் கொடுத்து, திரும்ப வந்து படிக்கும்படி கூகுளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கலாம். அதற்குப் பிறகு தினமும் திறந்து பார்க்க வேண்டாம், சில வாரம் விடுங்கள்.

ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். சிவனொளிபாதமலைக் கட்டுரையை ஒக்டோபரில் திருத்திவிட்டு ஜனவரியில் "மூன்று மடங்கு வாசகர்" என்று குதித்தால் அது சீசனின் வேலை, உங்கள் வேலை இல்லை. போன ஜனவரியோடு இந்த ஜனவரியை வையுங்கள். சேர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும் என்பதால் இதற்குத் தாராளமாகப் போதும், ஆனால் அதற்கு மேல் பழசு தானாக மறைந்துவிடும், அதனால் சீசன் முடிந்ததும் அந்த எண்களை ஒரு தடவை இறக்கிச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.